அமுக்கு டாக்டர்

எனக்குக் கைகள் சின்னவை. ஆஸ்பத்திரியில் தரும் கையுறை எப்போதும் ஓர் அளவு பெரிதாகவே இருக்கும். விரல் நுனியில் ரப்பர் தொளதொளவென்று தொங்கும். படிப்பை முடித்து முதல் வருஷம் வேலைக்கு வருகிறவனுக்கு அளவு பார்த்துக் கையுறை வாங்க யாருக்கு நேரம்? குறை சொல்லவில்லை ஐயா. நீங்கள் கேட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

முதல் வருஷ டாக்டருக்கு அவசரப் பிரிவில் உருப்படியான வேலை ஒன்றுதான். ரத்தம் கொட்டுகிற இடத்தில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, சர்ஜன் வரும்வரை நிற்க வேண்டும். மூக்கு அரிக்கும், கால் மரத்துப்போகும், கையை மட்டும் எடுக்கக் கூடாது. தலைமை நர்ஸம்மா போகிற போக்கில் சீண்டிவிட்டுப் போவார்: "அமுக்கு டாக்டர் தம்பி, கைய எடுத்துறாதீங்க. நீங்க படிச்ச படிப்பு மொத்தமும் இப்ப அந்தக் கையிலதான் இருக்கு." அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கு அது பிடித்தும் இருந்தது, ஏனென்றால் அந்த வேலையை நான் நன்றாகச் செய்தேன்.

இன்னொன்றையும் வந்த புதிதிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். அடிபட்டு வருகிறவர்களைப் பேசவிடக் கூடாது. பேசினால் பதறுவார்கள், பதறினால் ரத்தம் கூடும். "பேசாதீங்க, பேசாம படுங்க" என்பது நாக்கில் ஊறிப்போனது.

அந்தப் பெண் ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவள். முதல் தடவை மணிக்கட்டு முறிந்து வந்தாள். பிறகு தாடை கிழிந்து வந்தாள். அதற்கும் பிறகு, தலைமுடி கொத்தாகப் பிய்ந்து, மண்டைத் தோல் வெளியே தெரிய வந்தாள். தையல் எல்லாம் என் கையால் போட்டதுதான். ஒவ்வொரு தடவையும் அவளைக் கூட்டிவந்தவன் ஒரே ஆள். ஓங்குதாங்கான உடம்பு, விரல் முட்டியெல்லாம் ஆறியும் ஆறாத காயம். திரைச்சீலைக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்தபடி நிற்பான். என்ன ஆயிற்று என்றால், "படியில விழுந்துட்டாங்க" என்பான். பார்த்ததுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்தப் பெண் மேல் எனக்கு உண்மையிலேயே இரக்கம். சாப்பிட உட்கார்ந்தால் அந்த மண்டைத் தோல்தான் ஞாபகம் வரும்.

தாடைக்குத் தையல் போடும்போது ஒருமுறை வாயைத் திறந்தாள். "டாக்டர், எங்க வீட்டுல அவரு..." என்று ஆரம்பித்தாள். பேசினால் தையல் பிரிந்துவிடும் என்று நான்தான் அடக்கினேன்.

பிறகு ஒரு மத்தியானம், நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் வராந்தாவெல்லாம் நிறைந்திருந்த நேரம், அவனையே தூக்கிவந்தார்கள். தொடை இடுக்கில் கத்திக்குத்து. வீட்டு வாசலில் யாரோ குத்திவிட்டதாக, கொண்டுவந்து போட்ட வண்டிக்காரர் சொன்னார். நான் முஷ்டியை வைத்து அழுத்தினேன். ரத்தம் நின்றது. சர்ஜன் வேறொருவரைத் தைத்து முடிக்கும் நிலையில் இருந்தார். நர்ஸம்மா ரத்தப் பை எடுக்க ஓடினார். நானும் அவனும் மட்டும்.

அவன் பிழைத்திருப்பான். அதைத்தான் யோசித்தேன். ஆறின காலோடு வீட்டுக்குப் போவான், அடுத்த வாரமே அவளைக் கூட்டிவருவான், நான் மறுபடியும் தைப்பேன். அவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "டாக்டர், வீட்டுல அவங்க தனியா..." என்றான். பேசாதீங்க என்றேன். கையை எடுத்தேன்.

நான் செய்தது அவ்வளவுதான். ரத்தம் பீறிட்டு என் மார்பிலும் கண்ணாடியிலும் அடித்தது, சுடச்சுட இருந்தது. அவன் என் கையைப் பிடித்துத் திரும்பக் காயத்தின் மேல் வைக்கப் பார்த்தான். மாட்டைப் போன்ற ஆள். ஆனால் அதற்குள் பலம் போய்விட்டிருந்தது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். அவன் விடவில்லை, கையுறைதான் கழன்று போனது. கண் நிலைகுத்தும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டதும் வெறுங்கையை மறுபடி வைத்து அழுத்தினேன்.

சர்ஜன் என் தோளில் தட்டி, முதல் வருஷத்தில் எல்லோருக்கும் இப்படி ஒன்று போகும் என்றார். நர்ஸம்மா மட்டும் என் வெறுங்கையைப் பார்த்தார், பிறகு அவன் இறுகிய பிடிக்குள் கசங்கிக் கிடந்த கையுறையைப் பார்த்தார். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. இப்போது ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் திறந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் வருத்தமில்லை.

சாயங்காலம் அவள் வந்தாள். தேய்த்த சட்டை போட்ட ஒருவர் அவள் முழங்கையைப் பிடித்து நடத்திவந்தார். அவள் பிணத்தின் மேல் விழுந்து, "தம்பி, என் தம்பி" என்று கதறினாள். அவர் என்னிடம் கைகூப்பினார். "உங்களால ஆனத செஞ்சீங்க டாக்டர். என் மச்சினன் கொஞ்சம் முன்கோபி. எங்கயோ வம்பை வளத்துட்டு வந்திருக்கான்." அவர் கழுத்தில் புதிதாக நகக்கீறல் இருந்தது.

அவசரப் பிரிவில் ஒரு பெண்ணோடு வருகிற ஆண் எங்களுக்குப் புருஷன்தான். யார், என்ன உறவு என்று கேட்பது முன்வாசலில் உட்கார்ந்திருப்பவர் வேலை. அந்தக் கீறலைப் பற்றி அப்போதே உங்களிடம் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொல்லியிருந்தால் தம்பி எப்படிச் செத்தான் என்று பேச்சு வந்திருக்கும். என் வருஷம் முடியக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

போன வாரம் அவளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிவந்தார்கள். கூட்டிவரத்தான் தம்பி இல்லையே. மண்டை ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. நான் இரண்டு கையாலும் அழுத்தினேன். சர்ஜன் வந்து, "போதும், கைய எடுப்பா. அந்தம்மா எப்பவோ போயிட்டாங்க" என்றார். நான் எடுக்கவில்லை. நர்ஸம்மாதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

ஆகையால், தம்பி விஷயத்தில் நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் விஷயத்தில் என் மேல் ஒரு தப்பும் கிடையாது. கடைசிவரை நான் கையை எடுக்கவே இல்லை.