முப்பத்தெட்டாவது புள்ளி

இந்த நாற்காலியின் பின்கால் ஆடுகிறது. திருகு கழன்றதால் அல்ல, கட்டையிலேயே விரிசல். கொஞ்சம் கனமான ஆள் உட்கார்ந்தால் ஒருநாள் பின்னால் சாய்ந்து மண்டையை உடைத்துக்கொள்வார். நான் நின்றுகொண்டே பேசுகிறேன். இருபத்தாறு வருடமாகக் குனிந்தும் படுத்தும் வண்டிகளைப் பார்த்த உடம்பு இது. சும்மா உட்காரச் சொன்னால் கை பரபரக்கும்.

பதினொரு மணிக்கு என் மகள் இந்த ஸ்டேஷனுக்கு வருவாள். அவள் புருஷன் இறந்தது தன்னால்தான் என்று சொல்வாள். அதை நீங்கள் எழுதி வாங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஒரு மணி நேரம் முன்னால் வந்தேன். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். என் விஷயத்தில் அது அப்படியே பலித்தது.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு ஒரு வீட்டையே உள்ளே வைத்துக்கொண்டு ஓடுகிற பெரிய வண்டிகள் இருக்கின்றன அல்லவா, மோட்டார்ஹோம். அவற்றைப் பழையதாக வாங்குகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால் என்னைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்று சொன்னவர் பழைய வண்டி விற்கிறவரைப் பார்த்ததில்லை. ஆயிரம் அவருக்குக் காலை காபிக்கு முன்னாலேயே செலவாகிவிடும். சர்வீஸ் புத்தகத்தைப் பெருமையாக நீட்டுவார். ஆறு வருடத்துக்கு ஆறு முத்திரை இருக்கும். ஆறும் ஒரே மையில், ஒரே நாளில் உட்கார்ந்து குத்தியது போல இருக்கும். ஒருமுறை முத்திரையில் இருந்த பட்டறைக்கே போய்க் கேட்டேன். அந்தத் தேதியில் எங்கள் பட்டறையே திறந்திருக்கவில்லை, அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தோம் என்றார்கள். ஓடின தூரம் குறைவு என்பார்கள். பிரேக் மிதியின் ரப்பரைப் பார்த்தால் நாலு வருடம் போட்ட செருப்பு மாதிரி தேய்ந்திருக்கும். உள்ளே புதுப் பெயின்ட் வாசனை அடித்தால் நான் நேராக மெத்தையைத் தூக்கி மூலையில் ஈரமானியை வைப்பேன். பெயின்ட் அடிப்பதே ஈரத்தை மறைக்கத்தான்.

என் அறிக்கையில் அறுபத்திரண்டு இனங்கள் உண்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பச்சை மையில் ஒரு புள்ளி. கண்ணால் பார்த்ததற்குப் புள்ளி கிடையாது. கை தொட வேண்டும், ஆட்டிப் பார்க்க வேண்டும், அது ஒழுங்காக இருக்க வேண்டும். பிறகுதான் புள்ளி. என் மகள் சின்ன வயதில் என்னோடு வருவாள். நான் வண்டிக்கு அடியிலிருந்து "புள்ளி" என்று கத்துவேன், அவள் மேலே நின்று வைப்பாள். இடது கைக்காரி. மை காய்வதற்குள் கை உரசிவிடும். அவள் வைத்த புள்ளிக்கெல்லாம் ஒரு சின்ன வால் இருக்கும். தலைப்பிரட்டை என்று கேலி செய்வேன். பள்ளி விட்டதும் நேராக என்னிடம்தான் ஓடிவருவாள். அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் குறை என்று ஒன்றும் இல்லை. அவள் அம்மா ஒரு பெட்டியோடு கிளம்பிப் போயிருந்தாள், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை நல்லவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடலோரமாகப் போய்ப் பறவைகளை எண்ணுவது அவர் வேலை. எண்ணி முடிக்க அவை என்ன கூண்டுக்கோழியா என்று கேட்டிருக்கிறேன். சிரிப்பார், கோபப்பட மாட்டார். கல்யாணமாகி மூன்று வருடம் எங்கள் வீட்டு மாடியிலேயே இருந்தார்கள். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது என் மகள் சொன்னாள், ஒரு மோட்டார்ஹோம் வாங்கிக்கொண்டு கரையோரமாகவே போகப்போகிறார்களாம். எத்தனை நாள் என்று கேட்டேன்.

"நாள் கணக்கு இல்லப்பா. வீட்டக் காலி பண்ணிட்டுத்தான் போறோம். புடிச்ச எடத்துல இருந்துக்குவோம்" என்றாள்.

மாப்பிள்ளை என் பக்கம் குழம்பை நகர்த்தி வைத்தார். "வண்டிய நீங்கதான் பாத்துச் சொல்லணும் மாமா. நீங்க கை வெச்சுட்டாப் போதும், நான் வேற யாரையும் கேக்க மாட்டேன்."

சரி என்றேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன், கதவுத் தாழ்ப்பாள்களைக் கழற்றி மாட்டினேன், எண்ணெய் போட்டேன். எந்தத் தாழ்ப்பாளிலும் பழுது இல்லை.

முதல் வண்டியில் தரைக்கட்டை உளுத்திருந்தது. வேண்டாம் என்றேன். இரண்டாவதில் டயருக்குப் பதினொரு வயது. டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், செய்த வாரமும் வருடமும். வேண்டாம் என்றேன். மூன்றாவதில் ஈரம் இருக்கிறது என்று சொன்னேன். அதில் ஈரம் இல்லை. தொழிலில் நான் வாய்விட்டுச் சொன்ன பொய் அது ஒன்றுதான், அதையும் எழுத்தில் கொடுக்கவில்லை.

நாலாவது ஒரு பல் டாக்டருடையது. மனிதர் வண்டியையும் பல் மாதிரியே வைத்திருந்தார். சர்வீஸ் புத்தகத்தில் வருடம் தவறாமல் முத்திரை, ஒவ்வொன்றுக்கும் ரசீது, ஒவ்வொரு ரசீதிலும் மாற்றிய சாமானின் பெயர். மீட்டரில் காட்டிய தூரமும் ரசீதுகளில் இருந்த தூரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. மூன்று மணி நேரம் தேடினேன். என் மகள் படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை உள்ளே புத்தக அலமாரிக்கு இடம் அளந்துகொண்டிருந்தார்.

கடைசியில் வண்டிக்கு அடியில் ஒன்று கிடைத்தது. ஹீட்டரின் புகையை வெளியே கொண்டுபோகிற குழாய், தரைக்குக் கீழே ஒரு இணைப்பில் கிளாம்பு போட்டு இறுக்கியிருக்கும். அந்தக் கிளாம்பு துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. குழாய் நழுவினால் புகை தரை ஓட்டை வழியாக உள்ளேதான் வரும். அந்தப் புகைக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தலை வலிக்கும், குமட்டும், பிறகு தூக்கம் வரும். பட்டியலில் அது முப்பத்தெட்டாவது இனம்.

பத்து நிமிட வேலை, சார். சொல்லியிருந்தால் பல் டாக்டர் அன்று சாயங்காலமே மாற்றிக் கொடுத்திருப்பார். அதற்கப்புறம் அவர்கள் போய்விடுவார்கள். என் பையில் புதுக் கிளாம்பு இருந்தது. பழக்க தோஷத்தில் அதைப் போட்டு இறுக்கியும் விட்டேன். பிறகு கொஞ்ச நேரம் அப்படியே மல்லாந்து படுத்திருந்தேன். மேலே அவள் நடக்கிற சத்தம் கேட்டது, எதற்கோ சிரித்தாள். புதுக் கிளாம்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பழையதையே மாட்டினேன். எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைத்தேன். கூடுதலாக எதையும் கெடுக்கவில்லை.

அந்தப் புகையைக் கண்டு கத்துகிற அலாரம் ஒன்று வண்டிக்குள் இருந்தது. அது முப்பத்தொன்பது. சோதித்தேன், நன்றாகக் கத்தியது, புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளி பொய்யில்லை. அதன் பிறகு என் ஈரமானியின் பாட்டரி தீர்ந்துபோயிற்று. அலாரத்திலும் அதே சதுரப் பாட்டரிதான். எடுத்துப் போட்டுக்கொண்டேன். திருப்பிப் போட மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், நீங்களும் நம்புவீர்கள். ஆனால் மறதி எனக்குக் கிடையாது.

நான் நினைத்தது இவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் இதே மாதிரிக் கோளாறோடு ஒரு வண்டியில் போனது. இரண்டு நாள் தலைவலி, வாந்தி. இந்தப் பிழைப்பே வேண்டாம் என்று திரும்பி வந்து வண்டியை விற்றுவிட்டார்கள். அதுபோல நடக்கும் என்று நினைத்தேன். வீட்டில் மாடியைப் பெருக்கி, மெத்தை உறையை மாற்றி வைத்தேன்.

அறிக்கையில் முப்பத்தெட்டுக்குப் புள்ளி வைக்க எனக்குக் கை வரவில்லை. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது. காலியாக விட்டு என் மகள் கையிலேயே கொடுத்தேன். காலி இடம் என்றால் என்ன என்று உலகத்தில் என்னைத் தவிர அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. இப்போது உங்கள் கோப்பில் இருக்கிற அறிக்கையைப் பாருங்கள், முப்பத்தெட்டில் புள்ளி இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வாலும் தெரியும்.

அவள் பொய் சொல்லப்போவதில்லை. அந்தப் புள்ளியை வைத்தது அவள்தான். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் சமையலறையில், பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்பா. வயசாயிடுச்சு, கேட்டா மனசு நோகும்னு நானே வெச்சுட்டேன். நான் கேட்டிருந்தா அவரு இருந்திருப்பாரு, இல்ல?"

தண்ணீர்க் குழாயை மூடினேன். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். "யார்கிட்டயும் சொல்லாதே பாப்பா. நானும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் அவள் வாசலைத் தாண்டவில்லை. பழைய அறையிலேயே படுத்துக்கொண்டாள். கொஞ்சம்தான் சாப்பிட்டாள், ஆனால் சாப்பிட்டாள். நான் வேலை முடிந்து வரும்போது வீட்டில் விளக்கு எரியும்.

அந்த நாளைப் பற்றிக் கேட்கிறீர்கள். கிளம்பின மூன்றாம் நாள் மத்தியானம் அவள் போன் செய்தாள். கரையில் மழை, குளிர்.

"அப்பா, ரெண்டு பேருக்கும் தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. அவரு ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டாரு. ஹீட்டரப் போட்டுட்டு உள்ளயே உக்காந்திருக்கோம்."

எனக்கு நெஞ்சு லேசானது. நினைத்தபடியே நடக்கிறது. "உங்களுக்கு இதெல்லாம் ஒத்து வராது பாப்பா. பேசாம திரும்பி வந்துடுங்க" என்றேன்.

"இதுக்குப் போயா? பஸ்ஸுல போனாக்கூட எனக்குக் குமட்டும். நாளைக்கு சரியாயிடும்பா. நாங்க வர்றதா இல்ல." பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "மாமாகிட்ட சொல்லு, இன்னைக்கு மட்டும் நானூத்திப் பன்னெண்டு!" பறவைக் கணக்கு. அந்த நிலையிலும் மனிதருக்கு அதுதான்.

நாங்கள் வருவதாக இல்லை. அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே கூடத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். பிறகு, ஒரு அப்பா என்ன சொல்வாரோ அதைத்தான் சொன்னேன்.

"சரி, நீ குடையை எடுத்துட்டு வெளிய போய் நல்லாக் காத்தாட நட. அவசரப்படாதே, ஒரு ரெண்டு மணி நேரம் நட. மாப்பிள்ளைய ஒரு மாத்திரையப் போட்டுட்டுப் படுக்கச் சொல்லு. ஈரக்காத்து ஆகாது, கதவு ஜன்னலெல்லாம் நல்லா இறுக்கிச் சாத்திக்கச் சொல்லு."

"சரிப்பா" என்றாள். எப்போதும் சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். என் தொழிலில் ஜன்னலைத் திற என்று சொல்லாத நாளே இல்லை.

இதை அவள் உங்களிடம் சொல்ல மாட்டாள். அவளுக்கு அது அக்கறையாகத்தான் தெரியும். சொல்லப்போனால் அக்கறைதான். அவளை நான் வெளியே அனுப்பினேன் அல்லவா. அதனால்தான் உயிரோடு இருக்கிறாள்.

போன திங்கட்கிழமை அவள் ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள். அம்மாவுடையது மாதிரியே ஒரு பெட்டி. உங்களிடம் வந்து புள்ளி விஷயத்தைச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிறாளாம். அவர் விட்ட இடத்திலிருந்து எண்ணப்போகிறாளாம். நீங்கள் அவளை உள்ளே வைத்தாலும் போய்விடுவாள். உன் மேல் தப்பில்லை அம்மா என்று சொல்லி அனுப்பினாலும் போய்விடுவாள். மூன்று நாள் யோசித்தேன். இதற்கு ஒரு வழிதான் இருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள். கிளாம்பைக் கழற்றியது நான். பாட்டரியை எடுத்தது நான். ஜன்னலைச் சாத்தச் சொன்னதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். பேனா என்னிடமே இருக்கிறது. பச்சை மை பரவாயில்லையா?

கேட்டதும் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும். இரண்டு வாரம், மூன்று வாரம் என் முகத்தில் முழிக்க மாட்டாள். அதற்குமேல் அவளால் முடியாது, நான் வளர்த்த பெண். வரும்போது வெளியே சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை நின்று படித்தேன். இந்த ஊர் ஜெயிலுக்குள் இருப்பவர்களைச் சொந்தக்காரர்கள் வாரம் ஒருமுறை, புதன்கிழமை, வந்து பார்க்கலாமாம். வாராவாரம் புதன்கிழமை இங்கே வர வேண்டும் என்றால் அவளால் அதிக தூரம் போக முடியாது.