கருகிய சோறு வைத்த இலை

"ஹலோ... ஹலோ... போலீஸ் ஸ்டேஷனா? எஸ்டேட் ஆபீசுலேருந்து பேசறேன்... இல்ல, துரை இல்ல, துரை ரப்பர் காட்டச் சுத்திப் பாக்கப் போயிருக்காரு. நான் பள்ளிக்கூடத்து வாத்தியாரு, மணியம்... ஆமா... ஆமாமா, சோல்ஜருங்க புடிச்சிட்டுப் போன பொம்பள, பஞ்சாலை விசயமாத்தான். நீங்க யாரு பேசறது?... அங்க விசாரிக்கிற வெள்ளைக்காரத் துவானுக்குத் தமிழ எடுத்துச் சொல்றவரா? அப்பாடா! தமிழாளு கெடச்சாரே, அது போதும்லா."

மணியம் வாத்தியாருக்கு டெலிபோன் புதுசு. மூன்று வகுப்பையும் ஒரே கொட்டகையில் வைத்துப் பாடம் நடத்திய தொண்டை அது. மெல்லப் பேசு என்றால் அதற்குத் தெரியாது. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, துரைக்குத் தெரியாமல் போனைக் கொடுத்துவிட்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவர் வருகிறாரா என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கட்டில் பஞ்சாலையின் புருஷன் முருகையா, ரப்பர் பால் காய்ந்த சட்டையோடு நின்றான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையிலிருந்து தூக்கி வந்த குழந்தை அவன் தோளில் அழுது அழுது ஓய்ந்திருந்தது.

"இல்ல... இல்லய்யா, காட்டுக்காரனுக்குச் சோறு கொண்டுபோகல. படையல்! செத்தவங்களுக்குப் போட்ட படையல்... ஆமா, வேலிக்கு வெளியதான். பழைய பள்ளிக்கூடம் அங்கதானே இருந்துச்சு. கூரையெல்லாம் போயி இப்ப தரை மட்டுந்தான் கெடக்கு... ஏன் அங்க போனாளா? அங்கேருந்துதானேய்யா ஜப்பான்காரன் பயலுங்கள லோரில ஏத்துனான்! அரிசி குடுக்கறோம், எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வாங்கன்னு சொல்லிவிட்டான். எங்கிட்டப் படிச்சு முடிச்ச பயலுங்க, மீசை அரும்புற வயசு. சாக்கத் தூக்கிக்கிட்டு ஓடுனானுங்க... சயாமுக்குத்தான், ரயில் ரோடு போட. இங்கேருந்து போனவன் ஒருத்தனும் திரும்பல. செத்த நாளு யாருக்குத் தெரியும்? அதனால லோரி ஏறுன நாள்ல, ஏறுன எடத்துல படைக்கிறது... பெத்தவங்களா? பாதிப் பேரு போய்ச் சேந்துட்டாங்க, மீதிப் பேரு வேற எஸ்டேட்டுக்குப் போயிட்டாங்க. இவ ஒருத்திதான் எல்லாருக்கும் சேத்துப் படைக்கறா."

வாத்தியார் வேட்டியை ஒரு கையால் இழுத்துச் செருகினார். உட்காரச் சொல்லிக் கிராணி நாற்காலியைத் தள்ளினார். அவர் உட்காரவில்லை.

"என்னது? மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தாளா? ஐயோ, ஒளியலய்யா! படைச்சிட்டா கதவச் சாத்திட்டு வெளிய நிக்கணும்ல? செத்தவங்க கூச்சமில்லாம சாப்புடணும்ல? அங்க கதவுக்கு எங்க போவா? முதுகக் காட்டிக்கிட்டு மரத்துக்குப் பின்னால நின்னிருக்கா. ரோந்து வந்த வெள்ளைக்கார சோல்ஜருக்கு அது என்ன தெரியும்? எவனையோ எதிர்பாத்து நிக்கறான்னுதான் நெனைப்பான்... சரி, சரி, அத அப்படியே துவான்கிட்டச் சொல்லுங்க. நான் இருக்கேன். வைக்காதீங்க... வைக்காதீங்க!"

காட்டுக்குள் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடுகிறவர்களுக்குப் போய்விடும் என்று, அந்த வருஷம் ஒரு பிடி சோறு முள்கம்பி வேலியைத் தாண்டினாலும் குற்றம். பால் வெட்டப் போகிறவர்களையே வாசலில் நிறுத்தித் தடவிப் பார்த்தார்கள். பஞ்சாலையை மத்தியான லோரியில் சிரம்பானுக்கு அனுப்பிவிட்டால் அங்கிருந்து தடுப்பு முகாம், முகாமிலிருந்து கப்பல். அவள் கண்ணால்கூடக் காணாத இந்தியாவுக்கு ஏற்றிவிடுவார்கள். குழந்தை இங்கே கிடக்கும்.

"ஹலோ... சொல்லுங்க, கேக்குது... ஒவ்வொரு எலயும் யாருக்குன்னு கேக்கறாரா? அவ வாயத் தொறக்கலையா?... பயந்திருப்பா, பாவம்... ஆளில்லாத எல ஒண்ணு இருந்தாலும் அது காட்டுக்காரனுக்குன்னு எழுதிடுவாரா? இது என்ன நியாயம்?... சரி, உங்க மேல கோவப்படல. படிங்க. எல எலயா என்ன இருந்துச்சுன்னு சோல்ஜர் எழுதுனதப் படிங்க, நான் சொல்றேன்."

கிராணி கடிகாரத்தைக் காட்டினார். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"சோறு, கருவாடு, சுருட்டு... அது மாயாண்டி! பஞ்சாலையோட கூடப் பொறந்த தம்பி. ரெண்டாம் வகுப்புலயே வேல வாங்குற மண்டோரோட சுருட்டத் திருடி இழுத்துட்டு வந்து, வாய்ப்பாடு சொல்ல எழுந்து நின்னு இருமுனான் பாருங்க... எழுதிட்டீங்களா? அடுத்தது... மரவள்ளிக் கெழங்கும் வெல்லமும். ராமசாமி. கணக்குல புலி. கிராணியா ஆவணும்னு காதுல எப்பவும் ஒரு பென்சிலு. லோரியில ஏறுறப்பவும் காதுல பென்சிலு இருந்துச்சு. அங்க எவன் அவன்கிட்டக் கணக்கு கேட்டானோ... சரி, அத வுடுங்க. அடுத்தது... கொட்டாங்கச்சியில கள்ளு. சிரிக்காதீங்க, ஆறுமுகத்துக்கு அது. கூத்துல பொம்பள வேசம் கட்டுவான். அவன் நடக்கற நடையப் பாத்துட்டு எங்க தலைமை வாத்தியாரே ஒருநாளு எழுந்து எடம் விட்டாரு! கல்யாணம் முடிஞ்ச கையோட போனான்லா... என்ன, இருமறீங்க? தண்ணி குடிங்க. சீக்கிரம், சீக்கிரம்... இன்னும் எத்தன எல? ஒண்ணுதானா?"

தொலைவில் துரையின் கார் ஏற்றத்தில் உறுமும் சத்தம் கேட்டது. கிராணி எழுந்தே விட்டார். வாத்தியார் அவருக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"சோறே இல்லையா? வெறும் கருகுனது மட்டுமா?... அதுதான் துவானுக்குச் சந்தேகமா? காட்டுக்காரன் தலைவனுக்கு வச்ச அடையாளமா! அடக் கடவுளே... சட்டி அடியில புடிச்ச காந்தல்யா அது! அதுக்குன்னே ஒருத்தன் இருந்தான். திருநாவுக்கரசுன்னு ஒரு பய. தாய் தகப்பன் இல்ல, பஞ்சாலை வீட்டுலதான் சாப்பாடு. நல்ல சோத்த நாம தின்னா மாயாண்டிக்குக் கொறஞ்சிடுமேன்னு, எனக்குக் காந்தல்தான் புடிக்கும்னு சொல்லுவான், கள்ளப்பய. எனக்குத் தெரியும். அவ நம்பிட்டா. இன்னிக்கும் நம்பறா. வருசா வருசம், ரேசன் அரிசிய வாயக்கட்டி மிச்சம் புடிச்சு, வேணும்னே தீயவிட்டுச் சுரண்டி வைக்கறா... ஹலோ? இருக்கீங்களா?... ஆமா, திருநாவுக்கரசு. அவனும் செத்துட்டான்... நிச்சயமாத்தான் சொல்றேன், சயாமுலேருந்து எவன் வந்தான்?... என்ன?... இப்ப என்னைய என்னன்னு கூப்பிட்டீங்க? திரும்பச் சொல்லுங்க..."

மணியம் வாத்தியார் நாற்காலியில் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

"டேய்... நீயாடா? அரசு... உசுரோடவாடா இருக்க?... அழுவாத. டேய், அழுவாத, அப்புறம் அழுதுக்கலாம்... மொதல்லயே என் கொரலு தெரிஞ்சிச்சா? தெரிஞ்சும் எழுதிக்கிட்டே இருந்தியா?... எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றதா? எல்லாரும் செத்தாங்க, நீ மட்டும் ஏன் வந்தேன்னு இங்க எவன்டா கேப்பான்?... சரி. சரி, புரியுது. ஒன்னத்தான் திட்டறேன், ஆனா புரியுது... அவள நீ பாத்தியா? அடையாளம் தெரிஞ்சிடும்னு கம்பிக்கு வெளிய நின்னு தலையத் திருப்பிக்கிட்டியா? நல்லா இருக்குடா!... கேளு. நேரமில்ல. துவான்கிட்டப் போ. அந்த எல எனக்குப் போட்டதுன்னு சொல்லு... ஆமா, செத்தவனுக்குப் போட்ட எலைக்கு ஆளு உசுரோட நிக்கறான்னு சிரிப்பாரு. சிரிக்கட்டும், நல்லதுதானே. அவளத் தெரியும்ங்கறத ஒளிச்சு வச்சதுக்கு வேலையே போனாலும் போவட்டும்டா, அவளுக்குப் புள்ள இருக்கு... போ. போன வைக்காத, அப்படியே மேசையில போட்டுட்டுப் போ!"

கார் வாசலில் வந்து நின்றது. கிராணி கைநீட்டினார். வாத்தியார் ரிசீவரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். அதனுள் பூட்ஸ் சத்தம் போனது. இங்கிலீஷ் பேச்சு வெகுநேரம் நடந்தது. ஒரு வெள்ளைக்காரக் குரல் அதட்டியது, பிறகு அதே குரல் பெரிதாகச் சிரித்தது. சாவிக்கொத்து குலுங்கி, இரும்புக் கதவு கிரீச்சிட்டது. அப்புறம் ஒரே ஒரு அலறல்.

"முருகையா! ஓடியாடா! துரை வந்தா வரட்டும், காத வையி... பேசாத, கேளு... தொறந்துட்டாங்கடா... ஆமா, அவதான். அழுவல, திட்டறாடா, அவன நல்லா திட்டறா... நாசமாப் போறவனே, ஒனக்கு நான் எத்தன வருசம்டா சோத்தத் தீயவிட்டேன்னு..."

லைன் அறுந்துபோயிற்று. முருகையா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.