கொதிக்கும் கல்யாணக் கார்

“அண்ணை, அது கார் இல்லை, தண்ணி கொதிக்கிற கேத்தில்.”

லண்டனில் ரெய்னர்ஸ் லேன் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த சகோதரர் இருவரில் தம்பி சொன்னார். அண்ணனின் மடியில், அவருடைய அறுபதுகளின் அமெரிக்கக் காருக்கு வாங்கிய புது ரேடியேட்டர் குழாய் இருந்தது.

“இதை மாத்தினால் கொதிக்காது. ஞாயிறு மகளை அதிலைதான் கலியாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்.”

“தெர்மோஸ்டாட் மாத்தேக்கையும் இதைத்தான் சொன்னனீங்கள்.”

“ட்ராபிக்கிலை நிண்டால்தான் சூடேறும்.”

“அப்ப கலியாணத்தை மோட்டர்வேயிலை வையுங்கோ.”

“ஹீட்டரை முழுக்கப் போட்டால் சூடு காருக்குள்ளை வந்திடும், எஞ்சின் ஆறும்.”

“ஜூலை வெய்யிலுக்கை, பட்டுச்சீலையோடை. பொம்பிளை அவிஞ்சுதான் இறங்குவாள்.”

“நான் பிள்ளைக்குப் பக்கத்திலை இருக்கோணும். நீதான் ஓட்டுறாய்.”

தம்பி குழாயை வாங்கி, இரண்டு முனைகளையும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.