ஓட்டுப் பொட்டிக்கு ஒரு பாலம்

கொன்னது நீங்கதான் சார். தலைய ஆட்டாதீங்க, ரெத்தம் இன்னும் வேகமா வரும். இந்தாங்க, குட் மார்னிங் துண்டு, புதுசுதான். நெத்தியில அமுக்கிப் பிடிங்க. கையா? கை ஒடையல சார். காருக்குள்ளேந்து இழுத்தப்ப கதவுல இடிச்சுக்கிட்டீங்க, அவ்வளவுதான். ஒடைஞ்ச கை எப்படித் தொங்கும்னு எனக்குத் தெரியும். பதினேழு வயசுல, தோட்டத்துல எங்கள வேலை வாங்குற மண்டோர் கைய ஒடைச்சவன் நான். எங்கம்மாவ வாடீன்னு கூப்பிட்டான்.

போன் பண்ணுங்களேன், யாரு தடுத்தா? போலீஸக் கூப்பிடுங்க, அம்புலன்ஸக் கூப்பிடுங்க, உங்க நகராட்சி மஜ்லிஸ் தலைவரையும் கூப்பிடுங்க. எல்லாரும் வந்து கால்வாய்க்கு அந்தப் பக்கம் வரிசையா நிக்கட்டும். இந்தப் பக்கம் எப்படி வருவாங்க? காலையில நீங்க காரோட ஏறி வந்தீங்களே நாலு இரும்புப் பிளேட்டு, அது இப்ப என் லோரி மேல கெடக்கு. நீங்க லயத்து வீடுங்க பக்கம் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தப்ப கிரேனப் போட்டு ஒண்ணொண்ணா தூக்கிட்டேன். எறங்கி நடக்கலாம்னு பாக்காதீங்க. நேத்துப் பேஞ்ச மழை, நெஞ்சளவு ஓடுது.

அதான் சார், அதேதான். இந்தப் பயம் எப்படி இருக்குன்னு தெரியணும்ல.

தாயம்மாக்கா, தேத்தண்ணியெல்லாம் வேணாம், உள்ள போ. என்னது? சீனி கொறைவா? அக்கா, நான் இவர விருந்துக்கா கூட்டிட்டு வந்தேன்? போக்கா!

அவங்க அப்படித்தான் சார். நாப்பத்து மூணு வீட்டுல அவங்கதான் மூத்தவங்க. உங்க தாத்தா இங்க கணக்கெழுதுற கிராணியா இருந்தப்ப அவங்க ரப்பர் பால் வெட்டுக்குப் போனவங்க. ஆமா, தெரியும், விசாரிச்சுட்டேன். தாத்தா வேலைக்குப் பேர் போட்டாரு, நீங்க கையெழுத்துப் போடுறீங்க. நாங்க வெயில்ல நிக்கிறோம். அது மட்டும் மாறவே இல்ல லா.

தனியார் நெலம்னு மறுபடியும் ஆரம்பிக்காதீங்க. கடப்பாரை கையிலதான் இருக்கு, காருல இன்னும் மூணு கண்ணாடி பாக்கி. பதினோரு மாசமா, இந்த ரோடு யாரு பொறுப்புன்னுதான் கேட்டேன். மஜ்லிஸ்ல கேட்டா தோட்டத்து ரோடுங்கிறீங்க. தோட்டத்துல கேட்டா, கம்பெனி வித்துட்டுப் போச்சு, புதுக் கம்பெனிகிட்ட கேளுங்கிறான். புதுக் கம்பெனி மேனேஜர் மாவட்ட ஆபீஸ் போகச் சொன்னான். அவன் மேசைய அவன் மேலயே பொரட்டிட்டுத்தான் போனேன். மாவட்ட ஆபீஸ்ல, நெலம் மாநில விசயம், மேல எழுதுன்னாங்க. மேல எழுதுனேன். மேலேந்து கடுதாசி வந்துச்சு. என்னன்னு? மஜ்லிஸப் பாக்கவும்.

நான் ஆறாம் வகுப்பு சார். பழைய இரும்பு வாங்கி விக்கிறவன். ஆனா எவனாவது என்னைய ஏமாத்துறான்னு தெரிஞ்சா விடமாட்டேன். கோலா பிலா டவுனுல ஒரு கடையில அரசியல் சட்டப் புத்தகம் வாங்குனேன். சிரிக்காதீங்க. வெரல வச்சு எழுத்துக் கூட்டிப் படிச்சேன், நாலு மாசம். கடைசியில மூணு பட்டியல் போட்டிருக்கான். எது கோலாலம்பூர் பொறுப்பு, எது மாநிலப் பொறுப்பு, எது ரெண்டு பேருக்கும் பொது. அந்த மூணுலயும் எங்க ரோட்டத் தேடுனேன் சார். ரயில் இருக்கு, தபால் இருக்கு, ஆறு இருக்கு. ஆமை இருக்கு சார்! ஆமைக்கு யாரு பொறுப்புன்னு எழுதி வச்சிருக்கான். மாநிலமாம். முட்டை போட்டுட்டுக் கடலுக்குப் போற ஆமைக்கு ஒரு கவர்மெண்டு இருக்கு, தங்கராஜுக்கு இல்ல.

தங்கராஜு என் தம்பி. கூடப் பொறந்தவன். தெரியாத மாதிரி பாக்காதீங்க, அவன் பேரு போட்டு உங்களுக்கு ஒம்பது கடுதாசி குடுத்திருக்கேன்.

அதே புத்தகத்துல அஞ்சாவது பிரிவுன்னு ஒண்ணு. சட்டப்படி இல்லாம ஒருத்தன் உசுர எடுக்கக் கூடாதாம். சொல்லுங்க, எந்தச் சட்டப்படி எடுத்தீங்க? நம்பர் சொல்லுங்க, நானும் படிச்சுத் தெரிஞ்சுக்கிறேன்.

நாங்க ஓட்டுப் போடாதவங்களா? இங்க தமிழ்ப் பள்ளியிலதான் வாக்குச்சாவடி. வெள்ளத்துல பழைய பாலம் அடிச்சிக்கிட்டுப் போயி ஒரு வருசம், டவுனு எடைநிலைப் பள்ளிக்குப் போற பிள்ளைங்க தென்னமரத்துண்டு மேல நடந்து போச்சு. ஒருத்தன் எட்டிப் பாக்கல. எலெக்சன் வந்துச்சு. ஓட்டுப் பொட்டி வரணுமே? ரெண்டே நாளுல இரும்புப் பிளேட்டு போட்டு, கம்பி கட்டி, சாயம் அடிச்சீங்க. தனியார் நெலமாச்சே, அப்ப எப்படிப் போட்டீங்க? எங்க தொகுதியில ஓட்டுக்கு நின்ன ஒய்.பி. வந்து அது மேல நின்னு கை ஆட்டுனாரு. பொட்டி போச்சு. எண்ணி முடிச்சாச்சு. நாலாம் நாளு பிளேட்டக் கழட்டுங்கன்னு உத்தரவு. ஒய்.பி.யவாவது நாங்க ஓட்டுப் போட்டு வச்சோம், அடுத்த தடவ போடாம விடலாம். மஜ்லிஸுக்கு ஓட்டே கெடையாது, மேலேந்து வைக்கிறது. உங்கள நாங்க என்ன பண்ண முடியும்? இதான் பண்ண முடியும்.

உக்காருங்க! உக்காருய்யா! எந்திரிச்சா காலுல போடுவேன்.

கேளு. பதினோரு மாசத்துக்கு முந்தி, பிளேட்டு போன அதே வாரம் ஞாயித்துக்கெழம. செம்பனைக் குலை வெட்டுற நீட்டு அருவா வழுக்கித் தங்கராஜு தொடையில எறங்கிருச்சு. நான் தம்பியப் பாக்க வந்தவன், மரத்தடியில நின்னு பேசிக்கிட்டு இருக்கேன். கொழாய் ஒடைஞ்ச மாதிரி அடிக்குது சார் ரெத்தம். சட்டையக் கழட்டிக் கட்டுனேன், கைலியக் கட்டுனேன், நிக்கல. குலை தள்ளுற ஒத்தச் சக்கர வண்டியில போட்டு ஓடியாந்தேன். அம்புலன்ஸ் வந்திருச்சு, பொய் சொல்லக் கூடாது, சீக்கிரமா வந்திருச்சு. அந்தா, அக்கரையில அந்த போர்டுகிட்ட நிக்குது. தனியார் ரோடுன்னு நீங்க நட்ட போர்டு. அன்னிக்கும் இதே தண்ணி, தென்னமரத்துண்டையும் பிளேட்டு போட்டப்பவே எடுத்தாச்சு. அந்தப் பையன்க கயிறு தேடுறான்க. நான் அவனத் தோளுல போட்டு எறங்கிட்டேன்.

அவன் என் காதுகிட்டப் பேசிக்கிட்டே வந்தான். குளுருதுண்ணேங்கிறான். பாதித் தண்ணியில பேச்சு நின்னு போச்சு. அப்பவும் நான் நடந்தேன். அக்கரையில எறக்குனப்ப என் முதுகெல்லாம் அவன் ரெத்தம், தண்ணியில கூடப் போகல.

இப்பக் கையெழுத்துப் போடுங்க. இந்தா பேப்பர். இந்த ரோடு மஜ்லிஸ் பொறுப்பு, பிளேட்ட எடுக்கச் சொன்னது நான். ரெண்டே வரி. என்ன? அடிச்சு வாங்குன கையெழுத்து செல்லாதா? தெரியும் சார். செல்லுற கையெழுத்துதான் ஏற்கெனவே போட்டுட்டீங்களே, பிளேட்டக் கழட்டி ஏலத்துல விக்கவும்னு. அது செல்லுபடியாகித்தானே என் தம்பி செத்தான். நான் நேர்ல பாத்திருக்கேன் அந்தக் கடுதாசிய. நீலப் பேனா, கோணலா ஒரு சுழி.

எப்படிப் பாத்தேன்னா? நல்ல கேள்விதான். இவ்வளவு நேரமாச்சு, இந்தப் பிளேட்டு எனக்கு ஏதுன்னு நீங்க கேக்கவே இல்லியே சார். ஏலத்துல எடுத்தவன் நான்தான். அடிமாட்டு வெலை. உங்க ஸ்டோர்க்காரன்கிட்ட ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டிக் கொறைச்சேன், பெருமையா இருந்துச்சு. வியாழக்கெழம வந்து கழட்டுனேன். நட்டத் திருகி, சங்கிலி மாட்டி ஏத்துனது யாரு தெரியுமா? தங்கராஜு. எடுக்காதண்ணே, பிள்ளைங்க எப்படிப் போகும்னான். நான் எடுக்கலன்னா வேற எவனாவது எடுப்பான், கவர்மெண்டு சிமெண்டுல கட்டித் தரும் போடான்னேன். சரிண்ணேன்னு தூக்கி விட்டான். மூணே நாளு சார்.

விக்கல. விக்க முடியல. நீலாய் டவுனு இரும்புக் கடைக்காரன் ரெண்டு தடவ வந்து கேட்டான், தொரத்திவிட்டேன். இன்னிக்கு விடியுமுன்ன நீங்க ஏறி வரணும்னுதான் மறுபடி போட்டு வச்சேன்.

என்னைய உள்ள வைப்பாங்க, வைக்கட்டும். உங்க மண்டைய ஒடைச்சதுக்கும் சேத்து வைக்கட்டும், நானே சொல்லிக்குவேன். வாங்குனவன் நான், மறைக்கல. ஆனா வித்தவன் நீங்க. நான் பழைய இரும்புக்காரன், எனக்குக் கண்டதெல்லாம் இரும்புதான். நீங்க கவர்மெண்டு சார். உங்களுக்குமா அது இரும்பு?

அழாதீங்க. இப்ப யாரும் அழ வேணாம். போன எடுங்க, தலைவரக் கூப்பிடுங்க, சத்தமா, லயமே கேக்குற மாதிரி சொல்லுங்க. இது எங்க ரோடு, எங்க பொறுப்பு, சிமெண்டுல கட்டுறோம்னு சொல்லுங்க. யாரோ இல்ல, நான் கட்டுறேன்னு சொல்லுங்க. சொல்லுங்க சார். நீங்கதான் எடுத்தீங்க, நீங்களே போட்டுக் குடுங்க.