ஒரு கழுதைக்கு மூன்று பவனி

இந்த இடத்தில் பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, உங்களுக்கு ஒரு கழுதையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கதைதான். மேடையில் இருக்கிற பெரியவர்கள் என்னை முறைக்காமல் இருந்தால் சீக்கிரம் முடித்துவிடுவேன்.

செம்மண்விளை என்று ஓர் ஊர். ஊரில் மூன்று கோவில். மாதா கோவிலுக்கு ஃபாதர் அமலதாஸ். கிறிஸ்துநாதர் ஆலயத்துக்குப் போதகர் ஞானசிகாமணி ஐயா. தகரக் கூரை போட்ட பெந்தெகொஸ்தே சபைக்குப் பாஸ்டர் பென்யமீன். மூன்று கோவில்... ஆனால் கழுதை எத்தனை? ஒன்றே ஒன்று. அது இசக்கிமுத்துவின் கழுதை. தினமும் சூளையில் செங்கல் சுமக்கும்.

குருத்தோலை ஞாயிறு வந்தால் மட்டும் அதற்குத் தனி மரியாதை. இயேசு கழுதைமேல் எருசலேமுக்குள் வந்ததை நினைத்து, கையில் குருத்தோலையோடு போகிற பவனிக்கு முன்னால் கழுதை நடக்க வேண்டும் அல்லவா? பெந்தெகொஸ்தேகாரர்கள் எங்கே பவனி போனார்கள் என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. போக மாட்டார்கள்தான். ஆனால் மற்ற இரண்டு கோவிலும் தெருவில் பாடிக்கொண்டு போகும்போது, எத்தனை வருஷம்தான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பது?

அந்த வருஷம் ஃபாதர் வந்து கழுதை கேட்டார். காலை ஆறு மணிக்குத் தருகிறேன் என்றார் இசக்கிமுத்து. போதகர் ஐயா வந்து கேட்டார். ஏழு மணிக்கு. பாஸ்டர் வந்து கேட்டார். எட்டு மணிக்கு. மூன்று பேரிடமும் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அவர் மனைவி பேச்சியம்மாள் நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் இருந்தார். திங்கட்கிழமை இருதய ஆப்பரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். "உங்க சாமிகிட்ட அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க." அவ்வளவுதான். மூன்று பேரும், கழுதை வரட்டும், பவனி முடிந்ததும் ஜெபம் பண்ணுகிறோம் என்றார்கள்.

இப்போது கேளுங்கள்... முந்தின வருஷம், முச்சந்தியை யார் முதலில் தாண்டுவது என்று கோவில்களுக்குள் ஒரு மனஸ்தாபம். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோவிலில் ரகசியமாக ஓர் அறிவிப்பு. நாளை ஐந்தரைக்கே கிளம்புகிறோம், யாரிடமும் சொல்லாதீர்கள், கழுதையை நாமே போய்ப் பிடித்துக்கொள்ளலாம். கிறிஸ்துநாதர் ஆலயத்தில்? அதே ரகசியம், அதே ஐந்தரை. பெந்தெகொஸ்தே சபையில்? பாஸ்டர் ரகசியத்தை மைக்கிலேயே சொன்னார்.

விடிந்தது. இசக்கிமுத்து பல் விளக்கிக்கொண்டே வெளியே வருகிறார்... வாசலில் முந்நூறு பேர். மூன்று பாட்டு. ஒரு பக்கம் சிவப்பு உடையில் ஃபாதர். ஒரு பக்கம் வெள்ளை அங்கியில் போதகர் ஐயா. நடுவில் டிரம் செட்டோடு பாஸ்டர். ஃபாதரின் ஆட்கள் கழுதையின் முதுகில் பட்டு விரிக்கிறார்கள். போதகரின் ஆட்கள் அதன்மேல் வெள்ளைத் துணி விரிக்கிறார்கள். பாஸ்டரின் ஆட்கள் விரிக்க எதுவும் கொண்டுவரவில்லை, அதனால் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். கழுதை என்ன செய்தது? மூன்று சபையாரின் குருத்தோலையையும் வேறுபாடு பார்க்காமல் தின்றது.

"எங்களுக்குத்தானே ஆறு மணின்னு சொன்னீரு" என்றார் ஃபாதர்.

"இன்னும் ஆறு ஆகலியே, ஃபாதர்" என்றார் போதகர் ஐயா.

"ஆவியானவர் எங்கள அஞ்சு மணிக்கே எழுப்பிட்டாரு" என்றார் பாஸ்டர்.

"எங்களையும் அவர்தான் எழுப்பினாரா, உங்க டிரம்மா?" என்று பின்னாலிருந்து ஓர் அம்மா கேட்டார்.

பிறகு எல்லாரும் இசக்கிமுத்துவின் பக்கம் திரும்பினார்கள். ஒரு கழுதைக்கு மூன்று பேரிடம் வாக்குக் கொடுத்தது நியாயமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் வாயில் நுரையோடு நின்றார். மெதுவாகக் கொப்பளித்துத் துப்பினார்.

"ஐயாமாரே, கழுதைய யாரு வேணும்னாலும் பிடிச்சிட்டுப் போங்க. எனக்கு வேண்டியது ஜெபம். ஒருத்தர் மட்டும் கேட்டு, சாமி காதுல விழாமப் போச்சுன்னா நான் என்ன செய்வேன்? அதான் மூணு பேருக்கும் சரின்னேன். இப்ப ரெண்டு பேரத் திருப்பி அனுப்பணும்... எந்த ஜெபத்த நான் வேண்டாம்னு சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

கழுதையின் கழுத்தைக் கட்டிப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்தார்கள்.

ஃபாதர்தான் முதலில் மண்ணில் முழங்கால் போட்டார். போதகர் ஐயா ஜெபப் புத்தகத்தைத் திறந்து பக்கம் தேடினார், கிடைக்கவில்லை, மூடிவிட்டுக் கண்ணையும் மூடினார். பாஸ்டர் கைகளை உயர்த்தினார். மாதா கோவில்காரர்கள் செபமாலை உருட்டினார்கள். கிறிஸ்துநாதர் ஆலயத்தார் தலைகுனிந்து நின்றார்கள். பெந்தெகொஸ்தேகாரர்கள் ஊரே கேட்கக் கதறினார்கள். எங்கே முடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு கூட்டம் ஆமென் சொன்னால் இன்னொரு கூட்டம் ஆரம்பித்தது. கடைசியில் கழுதை கத்தியது. அதோடு முடிந்தது.

பவனி என்ன ஆயிற்று? கழுதை வழக்கம்போலச் செங்கல் சூளைக்கு நடந்தது. திருப்பலாம்தான்... எந்தக் கோவிலுக்குத் திருப்புவது? முந்நூறு பேரும் ஓசன்னா பாடிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். பாட்டுத் தெரியாதவர்கள் கைதட்டினார்கள். போதகர் ஐயாவும் டிரம்முக்குக் கொஞ்சம் ஆடினார் என்கிறார்கள். அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பேச்சியம்மாள் பிழைத்தார். வீட்டுக்கு வந்த மறுநாளே மூன்று கோவில்காரர்களும் தனித்தனியாக வந்து நின்றார்கள். எங்கள் ஜெபம் கேட்கப்பட்டது, எங்கள் கோவிலுக்கு வந்து நன்றி சொல்ல வேண்டும் என்று ஒவ்வொருவரும் அழைத்தார்கள். பேச்சியம்மாள் கட்டிலில் இருந்தபடியே சொன்னார்:

"நெஞ்சுல தையல் இருக்கு. மூணு கோவிலு ஏறி இறங்க என்னால ஆகாது. கேக்கும்போது சேந்துதான கேட்டீங்க? நன்றியும் சேந்து சொல்லுங்க. நான் ஒரே தடவ வாரேன்."

அப்படித்தான் அந்த ஊரில் முதல் ஐக்கிய ஆராதனை நடந்தது.

அன்பானவர்களே, ஆஸ்பத்திரி வராந்தாவில் யாராவது நமக்காக ஜெபித்தால், நீங்கள் எந்தச் சபை என்று விசாரித்துவிட்டா ஆமென் சொல்கிறோம்? அழும்போது நமக்குச் சுவர் தெரிவதில்லை. கண்ணைத் துடைத்த பிறகுதான் தெரிகிறது. துடைத்த பிறகும் சேர்ந்து நிற்பதுதான் ஐக்கியம். வேறொன்றும் இல்லை.

இந்தப் பந்தலிலும் மூன்று சபைக்கும் இடம் பிரித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். வரும்போதே பார்த்தேன். இப்போது ஜெபிக்கப் போகிறோம். ஜெபம் வேண்டுகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்... மற்றவர்கள், அந்தக் கயிற்றைக் குனிந்து தாண்டி அவர்களிடம் போங்கள்.