லாக் நம்பர் சொன்னவர்கள்

தண்ணீரில் விழுந்த போனைத் தயவுசெய்து அரிசிக்குள் புதைத்து வைக்காதீர்கள், மேடம். அரிசி ஈரத்தை இழுக்காது. அதிலுள்ள தூசி சார்ஜ் போடும் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் பலன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருவரும் கேட்பதில்லை. ஜனங்கள் மனசில் ஒன்று விழுந்துவிட்டால் பிறகு கடப்பாரை போட்டு நெம்பினாலும் வராது. நீங்கள் கேட்கிற விஷயமும் அந்த ரகம்தான். அதனால்தான் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் கடை அந்தக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், படிக்கட்டை ஒட்டி இருக்கிறது. ஒரு மேசை, வட்ட விளக்கு வைத்த பூதக்கண்ணாடி, பின்னால் ஒரு கம்ப்யூட்டர். அங்கே எல்லோருக்கும் நான் டாக்டர். "டாக்டர், என் வீட்டுக்காரிக்குக் காது சரியாக் கேக்கல, கொஞ்சம் பாருங்க" என்று மனைவியின் போனை நீட்டுவார்கள். பக்கத்தில் நிற்கிற அந்தம்மா முறைப்பார். நானும் சிரிப்பேன். டீ குடித்த கையோடு ஒரு போனையும் தொட்டதில்லை, ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. விசாரித்துப் பாருங்கள்.

ரிப்பேருக்குப் போன் வந்தால் முதல் கேள்வி, "லாக் என்ன?" எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். கோடு போட்டுத் திறப்பது என்றால் மேசைமேல் விரலால் வரைந்து காட்டுவார்கள். நம்பர் என்றால் நான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் போனின் முதுகில் ஒட்டிவிடுவேன். கட்டிய பெண்டாட்டிக்குச் சொல்லாத நம்பரை என்னிடம் சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விடுவார்கள். கழற்றுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதையெல்லாம் என் கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்து வைப்பேன். வேலையின் நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை பாருங்கள். போனைத் திருப்பிக் கொடுத்ததும் அந்த நகலை அழித்துவிட வேண்டும். எனக்கு அழிக்க மனம் வரவில்லை.

பார்த்தேன், ஒளிப்பானேன். எல்லாவற்றையும் அல்ல. குழந்தைகள் படம், குடும்பப் படம் பக்கமே போக மாட்டேன். பெரிய பெண்கள் தங்களுக்கென்றோ கட்டியவனுக்கென்றோ எடுத்துக்கொண்டவை மட்டும். ஊருக்கு ஊர் என்னைப் போலக் கடை வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு குரூப் வைத்திருக்கிறோம். காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்ல எல்லோரும் வைத்திருக்கிறார்களே, அதே ஆப்பில்தான். அங்கே இவர் படத்தை அவர் வாங்கிக்கொள்வார், அவர் படத்தை இவர். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு: ஓர் ஊர்ப் படம் அதே ஊருக்குள் திரும்பி வரக் கூடாது. மரியாதை என்று ஒன்று வேண்டாமா.

அந்தக் கட்டுப்பாட்டை எவனோ மீறிவிட்டான். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருந்தாளே, எங்கள் குடியிருப்புப் பெண், அவளுடைய படம் எங்கெங்கோ சுற்றி அவள் அண்ணன் போனுக்கே வந்து சேர்ந்தது. அவன் அவளை அடித்தான். அப்பா பேச்சை நிறுத்தினார். வேலைக்குப் போவதும் நின்றது. கண்ணெல்லாம் வீங்கிப்போய்க் கடைக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, சத்தியமா நான் யாருக்கும் அனுப்பலண்ணே. என் போன்லயேதான் இருந்துச்சு. எப்படிண்ணே வெளிய போச்சு?"

எனக்கு அந்த நேரத்தில் வாயில் வந்த சொல் அதுதான். "டார்க் வெப்மா," என்றேன். "அது கடல். உள்ள போனது போனதுதான். யாரையும் பிடிக்கவும் முடியாது, கேக்கவும் முடியாது." உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவளும் குடித்தாள்.

நான் சொன்னது அவளிடம் மட்டும். அது எல்லா மாடிக்கும் ஏறிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இதற்குப் பெயரிலேயே இருட்டு இருக்கிறது, கேட்கவா வேண்டும்? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல்தான் அதைத் திறப்பார்களாம். விளக்கை அணைத்துவிட்டுப் போன் பார்த்தால் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். ஒருவர் மனைவியின் போனைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்தார், திரை கறுப்பாகிவிட்டதாம். செட்டிங்கில் ஒன்றைத் தட்டி வெள்ளையாக்கிக் கொடுத்தேன். நீங்க நல்லா இருக்கணும் என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் கூட்டம் போட்டார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அவர். வீட்டுக்குள்ளேயும் படியில் தொங்குகிறவர்களை அதட்டுகிற குரல்தான். "எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. இன்டர்நெட்டுக்குக் கீழ இன்னொரு இன்டர்நெட் இருக்கு. பாதாளம். டாக்டரே சொல்லிட்டாரு," என்றார். "நம்ம போன் அதுக்குள்ள இருக்கா, இல்ல அது நம்ம போனுக்குள்ள இருக்கா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுத்தம் செய்ய முடியும் என்றேன். வேறென்ன சொல்வது? உடனே செயலாளர் முகாம் அறிவித்துவிட்டார். எல்லா வீட்டுப் போனையும் டாக்டர் சுத்தம் செய்வார், இலவசம்.

காலில் விழாத குறைதான். அதுவரை என் கடை வாசலை மிதிக்காதவர்கள்கூட வரிசையில் நின்று போனையும் கொடுத்து லாக் நம்பரையும் சொல்லிவிட்டுப் போனார்கள். சந்தேகப்படுகிற மாமியார்களும் மருமகள்களும் ஒன்றாக வந்தார்கள். நான் கேட்டு வாங்கவில்லை, மேடம். அவர்களாகக் கொண்டுவந்து வைத்தார்கள். நீங்கள் கடையிலிருந்து எடுத்துப் போனீர்களே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, அதிலிருக்கும் படங்களில் பாதி அந்த முகாமில் கிடைத்தது.

கொடுக்காதவர் ஒருவர்தான். மூன்றாம் மாடியில் தனியாக வாடகைக்கு இருந்த மொழிபெயர்ப்பாளர். வேறு நாட்டிலிருந்து வந்தவர். மெஷின்களோடு வரும் விளக்கப் புத்தகங்களை மொழிபெயர்ப்பது அவர் வேலை. நம் பேச்சும் நன்றாக வரும். கூட்டத்திலேயே எழுந்து கேட்டார்: "ஒரு சந்தேகம். படம் எங்க போச்சுன்னே பேசிட்டிருக்கோமே, எங்கேருந்து போச்சுன்னு பாத்தோமா? அந்தப் போன் யார் யார் கைக்கெல்லாம் போயிருக்கு?"

"சார், நீங்க டிக்ஷனரியப் பாருங்க, இத டாக்டர் பாத்துக்குவாரு," என்றார் செயலாளர். கூடம் சிரித்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. நான் கவனித்தேன்.

பிறகு ஒருநாள் அவரே லேப்டாப்பைக் கொண்டுவந்தார், சார்ஜ் ஏறவில்லை என்று. லாக் கேட்டேன். "நானே போட்டுத் தரேன்" என்று மேசைப் பக்கம் வந்து நின்றுகொண்டார். வேலை முடிகிறவரை நகரவில்லை. எனக்கு அது அவமானமாக இருந்தது. திரை திறந்தபோது ஓரத்தில் ஒரு வெங்காயப் படம் தெரிந்தது. அது என்ன பிரவுசர் என்று எனக்குத் தெரியும். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். ஒளிக்கவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அதேதான் டாக்டர், நீங்க சொல்ற பாதாளம். பேய் பங்களா ஒண்ணும் இல்ல. சாதாரணமாத் தேடினாக் கிடைக்காத முகவரிங்க, அவ்வளவுதான். எங்க நாட்டுல வெளிநாட்டுக்கு யார் எழுதினாலும் பிரிச்சுப் படிப்பாங்க. அம்மாவுக்கு நான் இது வழியாத்தான் எழுதுறேன். அவங்களும் இதுலதான் எழுதுவாங்க, வேற வழியே கிடையாது. அங்க கெட்டவங்களும் இருக்காங்க, எங்கம்மாவும் இருக்காங்க."

நல்ல மனிதர். நான் இல்லை என்று சொல்லவே மாட்டேன். அவர் வந்த காரியம் வேறாக இருந்ததுதான் சங்கடம். லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். அந்தப் பெண்ணும் அவரும் சேர்ந்து விசாரித்திருக்கிறார்கள். இதே போலப் படம் வெளியே போன இன்னும் சில பெண்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லோருடைய போன்களும் என் மேசைக்கு வந்து போனவை.

"ஞாயித்துக்கிழமை சங்கத்துல சொல்லப்போறேன். அதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொல்லிட்டா நல்லது. உங்களுக்கும் வீடு வாசல்னு இருக்கு."

என் மனைவி நினைவுக்கு வந்தாள், கடைப் பலகையில் என் அப்பா பெயர் இருப்பது நினைவுக்கு வந்தது. யோசிக்கிறேன் என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் பேசியதில்லை.

சாயந்திரம் செயலாளர் வீட்டுக்குப் போனேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை, இதை நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். மூன்றாம் மாடிக்காரர் லேப்டாப்பில் வெங்காயப் படம் பார்த்தேன் என்றேன்.

"வெங்காயமா? அதுக்கென்ன இப்போ?"

"டார்க் வெப்புக்கு அதான் வாசல். அவரே எங்கிட்ட ஒத்துக்கிட்டாரு."

"அடப்பாவி! அதான் போன் குடுக்கலையா?"

நான் காபியைக் குடித்தேன். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், பாவம், வெளிநாட்டுக்காரர் என்றும் கேட்டுக்கொண்டேன். செயலாளரிடம் அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் தொடங்குவதற்கு முன்பே ஆட்கள் மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள். பெண்ணின் அண்ணன் முன்னால், அப்பா பின்னால். முகாமில் போன் கொடுத்த முக்கால்வாசிப் பேரும் இருந்தார்கள். அந்தப் பெண் படியில் குறுக்கே நின்று, "அவர் இல்லண்ணா, அவர் இல்ல" என்று கத்தினாள். அண்ணன் அவளைத் தள்ளிவிட்டுப் போனான். எனக்குக் கடையில் வேலை இருந்தது. ஒரு திரையை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டும்போது கை ஆடக் கூடாது.

கதவு உடைகிற சத்தம் கேட்டது. அவர் பின்பக்க பால்கனி வழியாகப் பக்கத்து வீட்டுச் சன்ஷேடில் கால் வைக்கப் பார்த்திருக்கிறார். தள்ளினார்களா, வழுக்கினாரா என்று நான் பார்க்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்றுதான் செயலாளர் இன்றுவரை சொல்கிறார். கடைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்கள் ஓடும் சந்தில் வந்து விழுந்தார். மேலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் தலையை இழுத்துக்கொண்டார்கள். எல்லாக் கதவும் சாத்திக்கொண்டது. அந்தப் பெண்ணை வீட்டுக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அவள் வெளியே வந்து ஸ்டேஷனுக்கு உங்களைத் தேடிவர எத்தனை நாள் ஆனது என்று உங்களுக்கே தெரியும்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி அவள் சொல்லி உங்களுக்குத் தெரிந்ததுதான். மொழிபெயர்ப்பாளருடைய போன் எங்கே என்று கேட்டீர்கள். அதை யாரும் பார்க்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

நான் சந்துக்குப் போனபோது அவருக்கு உயிர் இருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். "ஆம்புலன்ஸ்," என்றார். "சொல்லியாச்சு, வந்துட்டிருக்கு," என்றேன். சொல்லவில்லை. இந்த விஷயம் முழுவதிலும் நான் சொன்ன சுத்தப் பொய் அது ஒன்றுதான். போன் அவர் கைப்பிடியிலேயே இருந்தது, கண்ணாடி மட்டும் நொறுங்கியிருந்தது. அதை என் பக்கம் நகர்த்தினார்.

"அம்மாவுக்கு... எழுதிடுங்க," என்றார்.

நான் கேட்கவில்லை, மேடம். லாக் நம்பரை அவராகவே சொன்னார். ஒவ்வோர் எண்ணாக, நடுவில் மூச்சு வாங்கி, தப்பாகிவிடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

கடைக்குள் கொண்டுவந்து திறந்தேன். கூட்டத்தில் பேச எழுதி வைத்திருந்தது இருந்தது, பெண்களின் பெயர்களோடு. என் பெயரும் இருந்தது, டாக்டர் என்று மரியாதையாகத்தான் போட்டிருந்தார். வெங்காயத்தைத் தொட்டதும் அம்மாவோடு பேசும் பக்கம் திறந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரி வந்தது. அவர்கள் எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. சின்ன வரி, கடைசியில் கேள்விக்குறி இருந்தது. அந்தப் போனில் இருந்ததை மட்டும் நான் நகல் எடுக்கவில்லை. முழுவதையும் அழித்தேன். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். முடித்துவிட்டுச் சந்துக்குப் போனேன், அவர் போய்விட்டிருந்தார். போனை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, உள்ளே இருக்கும் போர்டை உடைத்துச் சாக்கடையில் போட்டேன்.

உறவுக்காரர் யார் என்று தெரியாமல் பிணவறையில் அவரை வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். தேடிப் பயனில்லை. அந்த முகவரி தேடினால் கிடைக்கிற முகவரி இல்லை, லேப்டாப்பையும் அன்றைக்கே கூட்டம் உடைத்துவிட்டது. அந்தம்மா இந்நேரமும் எழுதிக்கொண்டிருப்பார், பிள்ளைக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்வார். பெற்ற பிள்ளை செத்தான் என்று இனி யாரும் அவரிடம் போய்ச் சொல்லவே முடியாது. ஒரு தாய்க்கு அந்த வேதனை வராமல் பார்த்துக்கொண்டவன் நான், மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.