மேலே கிடக்கிறவர்

ஜெர்மனியில் ஹம் நகருக்குப் போகும் ரயிலில், எதிர் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும். அண்ணன் மடியில் சட்டம் போட்ட பழைய சர்க்கஸ் படம்: ஒரு பயில்வான் இன்னொருவரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறார்.

"அண்ணை, தூக்கிறவர் எங்கட பூட்டன் இல்லை. மேல கிடக்கிறவர்தான்."

"ஆர் சொன்னது?"

"அவரே அப்ப வீட்டுக்குப் போட்ட கடிதத்தில எழுதியிருக்கிறார். சனத்துக்கு முன்னால மல்லுக்கட்டித் தோக்கிறதுதான் அவற்ற வேலையாம்."

"நாளைக்கு என்ர ஜிம் திறப்பு. வாசல்ல மாட்டவெண்டு பெரிசாக்கினது."

"வேண்டாம், விடுங்கோ."

இரண்டு ஸ்டேஷன் கடக்கும்வரை அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டத்தான் போறன். அந்தரத்தில கிடந்தும் முதுகு கொஞ்சமும் வளையேல்லை, பார். இவ்வளவு நாளும் என்னட்டைப் பயிற்சி எடுத்த ஒருத்தருக்கும் தரையில கிடந்தே இது ஏலாது."